பகலில் இருபத்தேழு

ஜெராக்ஸக்காவை நம்பிப் போன செடி எதுவும் உயிரோடு திரும்பியதில்லை. ரோஜா போனது. கற்றாழை போனது. பாட்டில் தண்ணீரில் போட்டால் தானாக வளரும் என்று எல்லாரும் சத்தியம் செய்த மணி பிளான்ட், ஒன்பதாம் நாள் மஞ்சளாகி, பத்தாம் நாள் பாட்டிலை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அவளுடைய ஜெராக்ஸ் கடை மேஜையில் இருந்த பிளாஸ்டிக் செடிகூட வெயிலில் இற்றுப்போய், ஒரு நாள் யாரோ பலமாகத் தும்மியதில் இலை இலையாக உதிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் புகுந்த வீட்டில் அவளுக்கு 'பாலைவனம்' என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவர் நாத்தனார்.

நாத்தனார் என்றால் அவள் வீட்டுக்காரரின் அக்கா. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டில் நாற்பத்து மூன்று கள்ளிச் செடிகளோடு குடியிருந்தார். பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார். பள்ளிக்கூடத்தில் மணி உண்டு, வீட்டில் ஏது மணி?

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது பேச்சு கள்ளிச் செடியில் வந்து நின்றது. நாத்தனார் வீட்டுக்கு எதிரே புதுக் கட்டடம் ஒன்று எழும்பி, பால்கனிக்கு வந்துகொண்டிருந்த வெயிலை அப்படியே மறைத்துவிட்டது. ஜெராக்ஸ் கடையின் முன்பக்கக் கண்ணாடி ஓரத்திலோ காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயில்.

"உன் கடை ஜன்னல் சும்மாதானே கெடக்கு பாலைவனம்? என் செடியெல்லாம் அங்க கொண்டுவந்து வெச்சிடறேன். தண்ணி நானே வந்து ஊத்திக்கறேன். நீ தொடவே கூடாது. பார்க்கறதா இருந்தாக்கூட கொஞ்சம் தள்ளி நின்னு பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் சிரித்தார். பதினொரு வருஷமாக அவளும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. வலித்தது. சொந்தக் கடையில், சொந்தக் கண்ணாடிக்குப் பின்னால், நாற்பத்து மூன்று செடிகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றைக்கூட அவள் தொடக் கூடாது. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஏன் என்று கேட்பார்கள். காரணத்தை அவளே தன் வாயால் சொல்ல வேண்டும்.

"எனக்குக் கொஞ்சம் விதை குடுங்க அண்ணி. முளைக்க வெச்சுக் காட்டறேன்" என்றாள்.

மேஜையில் எல்லார் கையும் அப்படியே நின்றது. வீட்டுக்காரர் அவள் காலை லேசாக மிதித்தார். அது 'வாயைக் கொடுத்து மாட்டிக்காதே' என்று அர்த்தம். மிதித்தது கொஞ்சம் தாமதம்.

நாத்தனார் விடுவாரா? கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, மேஜை மேலேயே பிரித்து, நாற்பது விதைகளை எண்ணினார். கடுகைவிடச் சின்னது, கறுப்பு. இருபதை இவளிடம் தள்ளினார்; இருபதைத் தனக்கு மடித்துக்கொண்டார்.

"நானும் போடறேன், நீயும் போடு. இருபத்தோரு நாள். ஒரு விதை முளைச்சாலும் சரி, இனி உன் கையைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். முளைக்கலைன்னா ஜன்னல் எனக்கு. இருபத்தேழு டிகிரி சூடு இருக்கணும், அதான் முக்கியம். மீதியை வாய்ஸ் மெசேஜ்ல சொல்றேன்."

சாயங்காலமே வாய்ஸ் மெசேஜ் குடும்பக் குழுவில் வந்து விழுந்தது. நீளம் நாலு நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி. மூடி போட்ட கண்ணாடி மாதிரி டப்பா எடுத்துக்கோ, பாதி மண் பாதி மணல் போடு, விதையைப் புதைக்காதே மேலாகத் தூவு, புகை மாதிரி தண்ணி தெளி, மூடி வெச்சு வெளிச்சத்துல வை, இருபத்தேழு டிகிரி. இவ்வளவும் முதல் நாற்பது விநாடியில் வந்துவிட்டது. அப்புறம் "முந்தாநாள் பக்கத்து வீட்டு நாய் என்ன பண்ணுச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தது. ஜெராக்ஸக்கா போனைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. நாத்தனாரின் வாய்ஸ் மெசேஜை முழுசாகக் கேட்டவர் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. கேட்டதற்கு அடையாளமாக எல்லாரும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கும் பதினேழு கட்டைவிரல்கள் போயின. அதில் ஒன்று இவளுடையது.

"இருபத்தேழு டிகிரியாம்" என்று வீட்டுக்காரரிடம் கவலைப்பட்டாள்.

"நம்ம குடும்பத்துலயே மொத்தம் ரெண்டு டிகிரிதான். ரெண்டும் அக்கா வாங்கினது. மீதி இருபத்தஞ்சுக்கு எங்க போறது?" என்றார் அவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நகைச்சுவையும் லிஃப்ட் மாதிரியே, பாதி மாடியில் நின்றுவிடும்.

அது குளிர் மாதம். வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்றுதான் இருந்தது. சொன்னபடி விதை தூவிய டப்பாவின் மணலில் அதைக் குத்தி வைத்தாள். அது 'பீப்' என்று கத்தி, சூடு ரொம்பக் குறைவு என்று மட்டும் சொன்னது. எவ்வளவு குறைவு என்று சொல்லவில்லை. மனுஷ உடம்பில் அந்தக் குறி வந்தால் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். முதல் நாளே செத்துவிட்டதா?

மறுநாள் வீட்டுக்காரர் வேலையிடத்திலிருந்து, லிஃப்ட் மோட்டார் கொதிக்கிறதா என்று பார்க்கிற கருவியைக் கொண்டுவந்தார். முனையில் வயர், அதன் நுனியில் ஊசி. இரண்டு பேரும் வீடு முழுக்க ஊசியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அலமாரி மேல் பத்தொன்பது. ஃபிரிட்ஜ் மேல் இருபத்திரண்டு. டிவிக்குப் பின்னால் இருபத்து நாலு, அதுவும் வீட்டுக்காரர் விளையாட்டு பார்க்கிற வரைக்கும்தான். வீட்டுக்காரரின் தொப்பை மேல் முப்பத்து மூன்று. அதைக் கேட்டதும் அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அங்க வெக்கற எண்ணமே வேண்டாம். நான் வேலைக்குப் போகணும்."

கடைசியில் கடைக்குப் போனார்கள். ஜெராக்ஸ் மெஷினின் வலப்பக்கம், காகிதத்தில் மையைச் சுட்டு ஒட்டவைக்கிற உருளைக்கு நேர் மேலே, மூடியில் ஊசியை வைத்தாள். பத்துக் காப்பி போட்டாள். எண் ஏறியது. இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. நின்றது.

"ஏங்க, பாருங்க!" என்று கத்திய கத்தலில் பக்கத்துக் கடைத் தையற்காரர் ஊசியைக் கையில் குத்திக்கொண்டார்.

டப்பா அந்த மூடி மேலேயே குடியேறியது. ஒரே ஒரு சிக்கல். மெஷின் ஓடினால்தான் இருபத்தேழு. பத்து நிமிஷம் சும்மா விட்டால் அது தூங்கப் போய்விடும். சூடு மளமளவென்று இறங்கும். ஆகவே காலையிலிருந்து கடை மூடும் வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது காப்பி போட்டே ஆக வேண்டும். ஜெராக்ஸக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அடையாள அட்டை ஒரு காப்பி" என்று ஒரு பெரியவர் வருவார்.

"ஒண்ணு எப்படிப் போதும்? தொலைஞ்சா?"

"ஒரிஜினல் வீட்ல பத்திரமா இருக்கும்மா."

"வீடு தொலைஞ்சா?"

பெரியவர் அப்படி ஒரு ஆபத்தை யோசித்ததே இல்லை. ஆறு காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, குழம்பிப்போய், வீடு இருக்கிறதா என்று பார்க்கிற வேகத்தில் நடந்தார். மீதி ஐந்துக்கு அவள் காசு வாங்கவில்லை.

ஆளே வராத மத்தியான நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் காப்பி போட்டாள். காலண்டர், மருந்துச் சீட்டு, தன் உள்ளங்கை. உள்ளங்கையைப் பார்த்து, இதில் அப்படி என்னதான் கோளாறு என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். தையற்காரரின் அளவு நோட்டை இரவல் வாங்கி அட்டையிலிருந்து அட்டை வரை மூன்று பிரதி எடுத்தாள். அந்தத் தெருவில் உள்ள எல்லாருடைய இடுப்பளவும் மூன்று பிரதியாக இருக்கிறது என்று செய்தி பரவியதில் தையற்காரருக்கு இரண்டு வாடிக்கையாளர் குறைந்தார்கள்.

ராத்திரிக்கு வேறு ஏற்பாடு. டப்பாவைத் துண்டில் சுற்றி, வீட்டுக்காரரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மடியோடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். வெந்நீர்ப் பை மேல் வைத்து, படுக்கையில் நடுவில் படுக்க வைப்பாள். வீட்டுக்காரர் கட்டிலின் விளிம்பில், ஒரு கை தரையில் ஊன்றிக்கொண்டு தூங்கினார்.

"விடிய விடிய இருபத்தேழு, ஒரு பொட்டு இறங்கல" என்று காலையில் பெருமையாகச் சொல்வாள். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார்.

பன்னிரண்டாம் நாள் எதிர்பாராத இடி. பக்கத்துக் கல்லூரியில் பரீட்சை. நாற்பது பிள்ளைகள் பாடக் குறிப்போடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் ஜெராக்ஸக்கா வாயெல்லாம் பல்லாக நின்றிருப்பாள். இப்போது ஊசியைப் பார்த்தாள்: முப்பத்து நாலு. இன்னும் இரண்டு பேர் போனார்கள்: முப்பத்தெட்டு. நாற்பத்தொன்றைத் தொட்டதும் பொத்தானை அமுக்கி நிறுத்தினாள்.

"இன்னைக்கு அவ்ளோதான். மெஷினுக்குக் காய்ச்சல்."

"அக்கா, நாளைக்குப் பரீட்சைக்கா!"

"நாளைக்குத்தானே? கையால எழுதிக்கோங்க, மனசுல பதியும்."

பிள்ளைகள் அவளைப் பார்த்த பார்வை சரியில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒரு பழைய நோட்டு அட்டையால் டப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாம் நாளும் மணல் மணலாகவே இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இருபது கறுப்புப் புள்ளிகள் போட்டது போட்டபடி இருந்தன. இதற்குள் நாத்தனாரிடமிருந்து "என்ன, ஜன்னலைத் துடைச்சு வெச்சிட்டியா?" என்று ஒரு செய்தி வேறு. ஜெராக்ஸக்காவுக்கு அழுகை வந்தது. ஒருவேளை அவர்கள் எல்லாரும் சொல்வதுதான் நிஜமோ? சில பேருக்குக் கையிலேயே ஏதாவது இல்லாமல் பிறந்துவிடுவது உண்டோ?

பதினாறாம் நாள் காலை மெஷின் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுபோனது. மெஷின் மெக்கானிக் வந்து உள்ளே இருக்கிற எண்ணிக்கையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த ரெண்டு வாரத்துல இவ்ளோ காப்பியா? காப்பி அதிகமானா மனுஷனுக்கே ஆகாதும்மா, மெஷின் என்ன பண்ணும்?" என்றவர், மூடி மேலிருந்த டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன, மண்ணு?"

"என் மானம். மெதுவா வைங்க."

அவர் மானத்தை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, மெஷினைப் பிரித்துப் போட்டார். சரியாகச் சாயங்காலம் ஆகும் என்றார். ஜெராக்ஸக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காப்பி போட முடியாது. வீட்டுக்கும் போக முடியாது. போனை எடுத்து இலக்கில்லாமல் தள்ளிக்கொண்டே போனவள் கண்ணில் அந்த வாய்ஸ் மெசேஜ் பட்டது. வேறு வேலை இல்லாததால் மட்டுமே அதைப் போட்டாள்.

டப்பா, மணல், இருபத்தேழு எல்லாம் வந்தது. பிறகு நாய் வந்தது. பக்கத்து வீட்டு நாய் தினமும் நாத்தனார் வீட்டுக்கு வந்து அவர் காலடியில் படுத்துக்கொள்ளுமாம். முந்தாநாள் அவர் கழற்றிப் போட்ட காலுறையை முழுங்கிவிட்டதாம். வயிற்றைக் கீறி எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்களாம். 'என் காலுறைதானே, நான் அதைச் சரியா எடுத்து வெச்சிருக்கணும், ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே வரல' என்று அந்தக் கம்பீரமான தலைமையாசிரியைக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. ஜெராக்ஸக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படி ஒரு குரலை அவள் கேட்டதே இல்லை.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு சட்டென்று பழைய குரல்: "ஆங், சொல்ல மறந்துட்டேன். இருபத்தேழு பகலுக்கு மட்டும்தான். ராத்திரி குளிர விட்டுடணும், பதினெட்டு போதும். அந்த ஏத்த இறக்கம் இருந்தாத்தான் விதை முழிச்சுக்கும். எந்நேரமும் கதகதப்பா வெச்சா அது பாட்டுக்குத் தூங்கும்."

ஜெராக்ஸக்கா போனையே பார்த்தாள். பதினாலு ராத்திரி! வெந்நீர்ப் பை, துண்டு, வீட்டுக்காரரின் முதுகு எல்லாம் சேர்ந்து இருபது விதையையும் தாலாட்டுப் பாடித் தூங்க வைத்திருக்கின்றன. அவளுக்குத் தன் மேல் வந்த கோபத்தில் தலையில் நாலு தட்டுத் தட்டிக்கொண்டாள். மெக்கானிக் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, திருகாணியை இன்னும் வேகமாக முடுக்கினார்.

அன்று ராத்திரி டப்பாவைக் கடையிலேயே விட்டு ஷட்டரை இழுத்தாள். காலையில் திறந்தபோது ஊசி பதினெட்டைக் காட்டியது. மெஷினை ஓட்டினாள், இருபத்தேழு. ராத்திரி மறுபடி குளிர். வீட்டுக்காரர் பாதிக் கட்டிலைத் திரும்பப் பெற்று, ஒன்பது மணி நேரம் அசையாமல் தூங்கினார்.

இருபதாம் நாள் காலை பூதக்கண்ணாடியைக் குனிந்து வைத்தவள் நிமிரவே இல்லை. மூன்று பச்சைப் புள்ளிகள். குண்டூசித் தலையைவிடச் சின்னது. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கி, மூன்று ஒன்பதாகத் தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். மூன்றுதான். மூன்றுக்கே அவள் மெஷினைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் நாத்தனார் வந்தபோது தனியாக வரவில்லை. கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் பன்னிரண்டு கள்ளித் தொட்டிகள். மீதியை மாலையில் கொண்டுவருவதாகச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார். தோற்கலாம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இல்லை. கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். விஷயம் தெரிந்த தையற்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடி வந்தார்.

ஜெராக்ஸக்கா டப்பாவை நீட்டினாள். நாத்தனார் ஒரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார்.

"இது பாசி" என்றார்.

"செடி அண்ணி."

"ஈரத்துல பச்சையா வந்தா பாசி. எத்தனை வருஷமா பார்க்கறேன்."

"பார்க்கப் போனா பாசி மாதிரியும் இருக்கு" என்றார் வாடிக்கையாளர். அவரை யாரும் கேட்கவில்லை. தையற்காரர் டேப்பை எடுத்து அளக்கப் பார்த்தார். புள்ளி டேப்பின் கோட்டைவிடச் சின்னது.

"அந்த நடுவுல இருக்கறதைப் பாருங்க" என்று பூதக்கண்ணாடியை நீட்டினாள் ஜெராக்ஸக்கா. நடுப் புள்ளி, பிளந்த கறுப்பு விதைத் தோலை இன்னும் கழற்றாமல் உச்சியில் கவிழ்த்துக்கொண்டு நின்றது. "பாசி தொப்பி போடுமா அண்ணி?"

நாத்தனார் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பாசி தொப்பி போடாது என்பது இரண்டு டிகிரி வாங்கியவருக்குத் தெரியாததில்லை.

"முளைச்சிருக்கு" என்றார்.

தையற்காரர் கைதட்டினார். பதினொரு வருஷமாக ஜெராக்ஸக்கா சேர்த்து வைத்திருந்த பதிலடிகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. அதற்குள் நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னோடது முளைக்கல. ஒண்ணுகூட. புதுசா சூடு குடுக்கற பாய் வாங்கி, இருபத்து நாலு மணி நேரமும் இருபத்தேழுல வெச்சேன். எனக்கே வரல, உனக்கு எங்க வரப்போகுதுன்னுதான் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். நீ எத்தனை டிகிரியில வெச்சே?"

"நீங்க சொன்னதுதான். பகல்ல இருபத்தேழு, ராத்திரி பதினெட்டு."

"பதினெட்டா? நான் எப்ப சொன்னேன்?"

"வாய்ஸ் மெசேஜ்ல. கடைசில."

நாத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சொன்னதை மறந்துபோன வெட்கம் வரும் என்று ஜெராக்ஸக்கா நினைத்தாள். வந்தது வேறு.

"கடைசி வரைக்கும் கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. கொஞ்சம் லேட்டா கேட்டேன். ஆனா முழுசா கேட்டேன்."

"நாய் விஷயமும்?"

"ம். தையல் பிரிச்சாச்சா அதுக்கு?"

நாத்தனார் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பதினேழு பேர் கட்டைவிரல் அனுப்பினாங்க. ஒருத்தர்கூட நாய் எப்படி இருக்குன்னு கேக்கல" என்றார். அந்தப் பதினேழில் தன் விரலும் ஒன்று என்பது ஜெராக்ஸக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. பதிலடிகள் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

"போன வாரம்தான் பிரிச்சாங்க" என்று நாத்தனார் ஆரம்பித்தார். டாக்டர் சொன்னது, நாய் முறைத்தது, கஞ்சி குடிக்க அடம்பிடித்தது என்று நீண்டுகொண்டே போனது. பேச்சை நிறுத்தாமலே அட்டைப்பெட்டியில் கையை விட்டு ஒவ்வொரு தொட்டியாக எடுத்து, பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினார். ஜெராக்ஸக்கா முதல் தொட்டியை வாங்கும்போது கொஞ்சம் தயங்கினாள். நாத்தனார் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்து, அதுக்கு மேல வேண்டாம்" என்று நாய்க்கு நடுவில் ஒரு வரி சொல்லிவிட்டு, மறுபடி நாய்க்குப் போனார்.

வாடிக்கையாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரே ஒரு காப்பி..."

நாத்தனார் பள்ளிக்கூடமே நடுங்குகிற அந்தப் பார்வையோடு திரும்பினார்.

"இருங்க, என்ன அவசரம்? அவ கையில செடி இருக்கு, தெரியல?"